கேமராவுக்குப் படித்த கைகள்

நான்கு வருடம் என் கைகள் படித்தன, நான் படிக்கவில்லை. ஏப்ரல் மாதம் மாதிரித் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கிய அன்றைக்குத்தான் இது என் மண்டையில் உறைத்தது. அதுவரை என்னைப் போல ஒழுங்கான பிள்ளையை தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அறையெடுத்துத் தங்கும் சில்லிம்தோங் மேடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டிருக்க முடியாது.

நாங்கள் ஆறு பேர் ஒரு படிப்புக் குழு. ஆறு பேரும் ஆடிட்டர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். கட்டிலையும் மேசையையும் போட்டால் கதவு பாதிதான் திறக்கும், அப்படியொரு அறை ஆளுக்கு ஒன்று. காலை எட்டு மணிக்குக் கைபேசியை மேசைக்கு மேலே கவிழ்த்து மாட்டி, கேமராவைப் போட்டுவிட வேண்டும். முகம் தெரியாது. புத்தகமும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும். திரையில் ஆறு கட்டங்கள், பன்னிரண்டு கைகள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு கடிகாரம் ஓடும். கைகள் ஐந்து நிமிடம் காணாமல் போனால் அது நின்றுவிடும். ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடவில்லை என்றால் பெயர் சிவப்பாகும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு வாங்கினால் குழுவுக்கு வெளியே.

அந்தப் பத்து நாங்களாக வைத்ததல்ல. பயிற்சி நிலையத்தின் மாடிப்படிச் சுவரில் பாஸானவர்களின் அனுபவக் கட்டுரைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சிரித்த முகம், அதற்குக் கீழே 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்' என்று ஒரு கட்டம். பத்து, பத்தரை, பதினொன்று. ஒன்பது என்று ஒருத்தர்கூடப் போட்டதில்லை.

எங்கள் குழுத் தலைவர் பே சாங்கூக். முப்பத்து நான்கு வயது, இது ஆறாவது வருடம். அவர் கடிகாரம் மட்டும் தினமும் பதினொன்றைத் தொடும். "கையப் பாத்தாலே போதும், ஆளு படிக்கிறானா தூங்குறானான்னு சொல்லிடுவேன்" என்பார். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

கைகள் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் மனுஷி என்ன செய்வாள்? எழுதுவாள். யோசித்தால் கை நின்றுவிடும், அதனால் யோசிக்க மாட்டாள். விடையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே எழுதுவாள். சூத்திரம் நீலத்தில், எண்கள் கறுப்பில், தவறவிடக் கூடாதது சிவப்பில், விடைக்கு வரும் வழி பச்சையில். என் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். குழுவில் ஆளுக்காள் படம் பிடித்துக்கொள்வார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு!

மாதிரித் தேர்வில் வந்தது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கினால் எந்த விலை வரை கொடுக்கலாம் என்ற கணக்கு. அதே கணக்கை நான் நான்கு முறை எழுதியிருக்கிறேன். பார்த்தவுடனே பக்கம்கூட ஞாபகம் வந்தது. வலப்பக்கம், நடுவில், மூன்று பச்சை வரிகள், அதன் கீழே சிவப்புப் பெட்டி. பெட்டி கண் முன்னால் நின்றது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. ஒரு வரி, ஒரே ஒரு வரி வரவில்லை.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஜூன் மாதத் தேர்வு மட்டும்தான். இரண்டாம் கட்டத் தேர்வில் ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிலும் அறுபது வேண்டும். போன வருடம் மூன்றில் தேறினேன், இரண்டில் கவிழ்ந்தேன். இந்த ஜூனில் அந்த இரண்டையும் தாண்டாவிட்டால் தேறிய மூன்றும் செல்லாது. முதல் கட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். முப்பத்தொரு வயதில் எனக்கு அதற்குத் தெம்பில்லை. அது எனக்கே நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேமராவைப் போட்டேன். புத்தகத்தை மூடி மேசைக்கு அடியில் தள்ளினேன். ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புப் பேனா. கணக்கை மட்டும் பார்த்து, விடையைப் பார்க்காமல் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போனேன். ஜன்னலிலும் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை நடந்தேன், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. "வாங்கறதுக்கு முன்னாடி இவன் மதிப்பு எவ்வளவு, அவன் மதிப்பு எவ்வளவு, சேர்ந்தா எவ்வளவு..." எதிரே வந்த கிழவர் ஒருவர் என்னைப் பார்த்து ஓரமாக ஒதுங்கினார். எங்கே தடுக்குகிறது என்று நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டது. திரும்பி வந்து, அந்த ஒரே இடத்துக்காக மட்டும் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன், மறுபடி முதலிலிருந்து எழுதினேன். அந்த ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தலை கொதித்தது. ஆனால் அது என் கணக்காகிவிட்டது.

இப்படி நாலு மணி நேரம் படித்தால் மூளை கையெடுத்துக் கும்பிடும். அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. கடிகாரமும் அந்த நாலைத்தான் காட்டியது. முதல் நாளே ஒரு சிவப்பு. அடுத்தடுத்த நாளில் இன்னும் இரண்டு.

சாங்கூக் அண்ணன் என்னைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச்சொன்னார். தேர்வர்களுக்கென்றே நடக்கிற கடை. சாப்பாட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தட்டில் வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். நான் போனபோது ஐந்து பேரும் ஒரே மேசையில் பஞ்சாயத்து மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கும் தாகியோங் மட்டும் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தாள். குழுவிலேயே சின்னவள் அவள்தான், என்னிடம் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவள்.

"என்ன ஹேரிம், உன் கைக்கு ஏதாவது சுளுக்கா? திரையில காணோமே?" என்றார் அண்ணன்.

"கை நல்லாத்தான் இருக்கு அண்ணே. இவ்வளவு நாளா தலைக்குத்தான் சுளுக்கு."

"இந்த வாய்க்கு மட்டும் ஒரு தாள் இருந்தா நீ நூத்துக்கு நூறு. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். மூணு சிவப்பு. நியாயமா பாத்தா வெளிய அனுப்பணும். ஆனா நான் அப்படிப்பட்டவன் இல்ல. எல்லார் முன்னாடியும் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளையிலேர்ந்து பத்து மணி நேரம் உக்காரு. முடிஞ்சுது."

"தப்புன்னா எதுண்ணே தப்பு? யோசிச்சதா?"

"பெரிய மேதாவி! சுவத்துல ஒட்டியிருக்கிற அத்தனை பேரும் முட்டாளு, நீ ஒருத்திதான் புத்திசாலியா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அன்றைய உணவுப் பட்டியல் அச்சடித்த தாள்கள் இரண்டை மேசையிலிருந்து எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒன்றை அவர் முன்னால் வைத்தேன்.

"நாம எல்லாரும் நாலு தடவை முடிச்ச புத்தகம் அது. நீங்க ஆறு தடவை. கணக்கை நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேரும் எழுதுவோம். புத்தகம் கிடையாது."

"இது என்ன சின்னப்புள்ள விளையாட்டு?"

"விளையாட்டுன்னா ஏன் பயப்படுறீங்க?"

அண்ணன் வேறு வழியில்லாமல் ஒரு கணக்கைச் சொன்னார். அவருக்குப் பிடித்த கணக்குதான். நான் எழுத ஆரம்பித்தேன். பாதி வழியில் வரிச் சலுகை வரும் இடத்தில் தடுக்கியது. அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, தாண்டி மேலே போனேன். நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் முதல் வரியைக் கறுப்பில் எழுதிவிட்டு தாகியோங்கிடம் கேட்டுக்கொண்டிருந்தார், "பச்சை இருக்கா உன்கிட்ட?"

அவள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். அவர் சூப் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது. பேனா தாளைத் தொடவே இல்லை.

"எனக்கும் முழுசா வரலண்ணே" என்றேன். "ஆனா எது வரலன்னு தெரியும். இந்த வட்டம்தான்."

அவர் முகம் செக்கச்செவேலென்று ஆனது. பேனாவை மூடி மேசையில் வைத்தார். "குழுன்னா கட்டுப்பாடு வேணும். ஹேரிம் வெளிய போகணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியில் தாகியோங் கையும், முழங்கை உயரத்துக்கு. அவளை நான் திட்டவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய், பன்றி இறைச்சி வறுவலை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.

பிறகு இரண்டு மாதம் தனியாகவே படித்தேன். பயமில்லாமல் இல்லை. ஐந்து கட்டங்கள் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் மலையடிவாரத்தில் பிதற்றிக்கொண்டு திரிகிறேனே என்று தோன்றும். போதாததற்கு, புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் தொடவே இல்லை. பரீட்சையில் வராது என்பதற்காக இல்லை, வந்தாலும் அதைப் படிக்க நேரமில்லை. ஐம்பது கணக்குகள் என்று முடிவு செய்தேன். அந்த ஐம்பதையும் வெறும் தாளில், தடுக்காமல் எழுதும் வரை விடவில்லை.

பரீட்சை அன்று காலை அதே கடைக்குப் போய்க் கடற்பாசி சூப் கேட்டேன். வழவழப்பான அதைக் குடித்துவிட்டுப் போனால் பரீட்சையிலும் வழுக்கி விழுவோம் என்று பயந்து, அந்த வாரம் கடையில் அதை வைக்கவே மாட்டார்கள். பரிமாறும் அம்மா, தனக்கென்று ஒரு கிண்ணம் வைத்திருந்தார். "பைத்தியமாடி உனக்கு? இன்னைக்குப் போய்?" என்று அலறினார். "விழுந்தா நான் விழுறேன், சூப் மேல பழி போட மாட்டேன், குடுங்கம்மா" என்று வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. ஒன்றில் அறுபத்தேழு. இன்னொன்றில் அறுபது புள்ளி ஐந்து. பாஸ். சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன், அடுத்த அறைக்காரி சத்தம் போட்டாள்.

எங்கள் குழுவில் வேறு யாரும் தேறவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் பொய். சந்தோஷமே இல்லை என்று சொன்னாலும் பொய்தான்.

செப்டம்பரில் பயிற்சி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அனுபவக் கட்டுரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த தடித்த கண்ணாடிக்காரர் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னு போட்டிருக்கீங்க?"

"ஆமா. மலைப்பக்கம் நடந்ததையும் சேத்தா அஞ்சு."

அவர் சிரித்தார். "நல்லாருக்கு. பத்துன்னு மாத்திக்கிறேன்."

"ஏன்?"

"நாலுன்னு ஒட்டினா பிள்ளைங்க கெட்டுப்போயிடும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம். போன வருஷம் ஒரு பையன் ஏழுன்னு எழுதிட்டான். பத்தரை ஆக்கினோம். அவனும் ஒண்ணும் சொல்லல, போட்டோ நல்லா வந்தாப் போதும்னான்."

நான்கு வருடம். எத்தனை நாள் ஒன்பதரை மணி நேரத்திலேயே கண் சொருகி, நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்! அந்த எண்ணை இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தர் தட்டச்சு செய்திருக்கிறார். அதுவும் எங்கள் நல்லதுக்காம்.

"நாலுன்னு போடுங்க. இல்லன்னா என் மூஞ்சிய ஒட்டாதீங்க" என்றேன்.

"அப்போ ஒட்ட முடியாதும்மா."

"சரி. நானே ஒட்டிக்கிறேன்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். கீழே கடையில் ஒரு பெரிய தாளும் ஒட்டும் நாடாவும் வாங்கினேன். என் பெயர், இரண்டு மதிப்பெண்கள், 'ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், புத்தகத்தை மூடிவைத்து', 'சுவரில் இருக்கும் பத்துகள் அலுவலகத்தில் போட்டவை', அடியில் என் கைபேசி எண். கொட்டை எழுத்தில் எழுதி மாடிப்படியில் ஒட்டினேன். ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று படித்தாள். "பாஸானவங்க எல்லாம் இப்படித்தான் படிக்கவே இல்லன்னு பீலா விடுவாங்க" என்று தோழியிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பதினொன்றைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். அவளைச் சொல்லி என்ன? நானும் அதையேதான் செய்திருப்பேன்.

மறுநாள் தாள் இல்லை. இன்னொன்று ஒட்டினேன். அதையும் கிழித்தார்கள். மூன்றாவதை ஒட்டிவிட்டு வந்து அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும். கைபேசி அடித்தது. சாங்கூக் அண்ணன். வெளியே அனுப்பிய பிறகு முதல் தடவையாகக் கூப்பிடுகிறார். சண்டைக்குத்தான் என்று நினைத்து நானும் தயாராக எடுத்தேன்.

"நாலுன்னு எழுதியிருக்கியே, நெசமா?"

"நெசம்தான் அண்ணே."

"பத்தெல்லாம் ஆபீஸ்ல போட்டதுங்கறது?"

"அந்தாளே என்கிட்ட சொன்னாரு."

மறுமுனையில் யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது. ஆறு வருடம், தினமும் பதினொரு மணி நேரம். அந்தக் கணக்கைப் போட அவருக்குப் பச்சைப் பேனா தேவைப்பட்டிருக்காது. கேலியாக ஏதாவது சொல்ல வாய் துறுதுறுத்தது, சொல்லவில்லை.

"அண்ணே, இருக்கீங்களா?"

"மாடிப்படியிலதான் நிக்கிறேன்" என்றார். "இப்பத்தான் என் கண்ணு முன்னாடியே உன் தாளைக் கிழிச்சுட்டுப் போறான் அந்தக் கண்ணாடிக்காரன். இன்னொண்ணு எழுதி எடுத்துட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன், எவன் கிழிக்கிறான்னு பாப்போம்."