பிழை போட்ட விடை

தலையணையை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தபோது பிரியங்கினி முகத்தைச் சுளித்தாள். கணவன் தர்மசீலன் கையை எடுத்தான். துறைமுக அலுவலகத்தில் லீவு எடுத்துக்கொண்டு வந்து பதினொரு நாள். அவனுக்குச் சரியான நித்திரை இல்லை.

"றிஷானாவுக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள்.

"எதை?"

"அவவின்ர விடை சரியெண்டு."

பிரியங்கினி இருபத்திரண்டு வருடங்கள் பௌதிகம் படிப்பித்தவள். போன வருடம் ஒரு சோதனையில், பீற்றாத் தேய்வு நடந்த அணுவிலிருந்து சிலவேளை இன்னொரு இலத்திரனும் போகலாம் என்று மாணவி றிஷானா எழுதியிருந்தாள். பிரியங்கினி சிவப்புப் பேனையால் வெட்டினாள். கேட்க வந்த பிள்ளையிடம், "புத்தகத்தில இல்லாததை எழுதாதையும்" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னாள். சிலர் சிரித்தார்கள்.

அதன் பிறகுதான் பிரியங்கினிக்குத் தைரொயிட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. கொழும்பில் கதிர்வீசும் அயடீனைக் குடிக்கக் கொடுத்து மூன்று நாள் தனி அறையில் வைத்தார்கள். யாரும் கிட்டப் போகக்கூடாது. அங்கே போனில் தேடி வாசித்தபோதுதான் தன் பிழை அவளுக்குத் தெரிந்தது.

"அயடீன்ர கருவில ஒரு நியூத்திரன் புரோத்தனா மாறுது," என்றாள் மூச்சு வாங்கி. "பீற்றா கருவில இருந்து வெளியால போயிடும். சுத்தியிருக்கிற இலத்திரனுகள் பழைய கருவுக்கு இருந்த மாதிரியேதான் நிக்கும். அதுகளுக்கு மாற நேரமில்லை. அநேகமாப் புதுக் கருவோட ஒத்துப்போயிடும். சிலநேரம் ஒண்டு உதறுபட்டுப் போயிடும். அவ அதைத்தான் எழுதினவ."

"நீரே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். "வெக்கமாயிருந்தது."

"நாளைக்குச் சொல்லுறன். இப்ப கதைக்காதையும்."

கஞ்சி காய்ச்சக் குசினிக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் கண் பாதி திறந்திருந்தது, மூச்சு இல்லை. கஞ்சிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். நெஞ்சுக்குள் நோய் பரவிவிட்டது என்று டாக்குத்தர் சொன்ன நாளிலிருந்தே எதிர்பார்த்ததுதான்.

மறுநாள் பாலையூற்றில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். றிஷானாவும் தாய் ஹுஸ்னியாவோடு வந்தாள். கதிரையில் இருந்தபடியே தர்மசீலன் அவளைக் கிட்டக் கூப்பிட்டான்.

"உம்மட விடை சரியாம், பிள்ளை. டீச்சர் சொல்லச் சொன்னவ. பீற்றா போகேக்க... கரு மாறுது... பிறகு ஒரு இலத்திரன்..." அவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. "அது கருவில இருந்து வாறதில்லையாம். மற்றது."

"சுத்தியிருக்கிறது, அங்கிள்."

"ஓம். அதுதான்."

"எப்ப சொன்னவ?"

"நேற்று. கன நாளாச் சொல்ல நினைச்சவ. வெக்கப்பட்டவ."

றிஷானா உள்ளே கிடத்தியிருந்த உடலைப் பார்த்தாள்.

"நான் அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டன், அங்கிள்."



"மகள், ஓட்டோ நிக்குது," என்று ஹுஸ்னியா படலையடியிலிருந்து கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க, உம்மா."

பக்கத்து வீட்டுப் பெண் தட்டில் பிளேன்ரீக் கோப்பைகள் கொண்டுவந்தாள். றிஷானா ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். சூடு தெரிந்த பிறகுதான் அவன் விரல்களை மடக்கிக் கோப்பையைப் பிடித்தான்.