நாலாம் குழியின் வேர்கள்

காட்டுக்குள் வேர் ஆராய்ச்சிக்காக வெட்டிய ஆறு குழிகள். ஒவ்வொன்றின் ஒரு பக்கச் சுவரிலும் மண்ணோடு ஒட்டிய கண்ணாடி. வாரம் ஒருமுறை இறங்கி, கண்ணாடியின் மேல் மெல்லிய தாளை வைத்து, தெரியும் வேர்களை வரைவது என் வேலை. உயிருள்ள வேருக்கு நீலம், செத்ததற்குக் கறுப்பு. மழைக்காலத்தில் தாள் முழுக்க நீலம். கோடையில் மயிர் போன்ற வேர்கள் காய்ந்து சாகும், தாள் கறுத்துவிடும். மூன்று வருஷமாக அப்படித்தான்.

குழிகளை வெட்டியவர் என் கணவர். போன மழை முடியும்போது ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டார் என்றான் அவர் தம்பி. அண்ணன் வேலை அவனுக்குக் கிடைத்தது.

இந்தக் கோடையில் ஐந்து கண்ணாடிகள் கறுத்தன. நாலாவதில் மட்டும் வெள்ளை வெளேரென்று புது வேர். எல்லாம் இடது ஓரம் நோக்கியே போயின.

கொழுந்தனை அழைத்துப்போய் மேலிருந்து இடத்தைக் காட்டினேன்.

"இங்க தோண்டு."

"இந்த வெயில்லயா அண்ணி? வேருக்கு என்ன கல்யாணமா?"

"மத்ததெல்லாம் சாவுது. இது கொழுக்குது. எதத் தின்னு கொழுக்குது?"

"பன்னி ஏதாச்சும் செத்துக் கெடக்கும்."

"பன்னிய யாரு பொதச்சா?"

மண்வெட்டிக் காம்பு என் தோளில் இறங்கியது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. குழிக்குள் விழுந்தேன். அவனும் குதித்தான். என் கழுத்தைப் பிடித்துத் தலையைக் கண்ணாடியில் மோதினான்.

"கிறுக்குறவளுக்கு வாயப் பாரு. அவனுக்கும் இதே வாய்தான்."

மூன்றாவது மோதலில் கண்ணாடி உடைந்தது. கைக்கு வந்த துண்டை அவன் தொடையில் செருகி இழுத்தேன். உட்கார்ந்துவிட்டான்.

உடைந்த சுவரிலிருந்து மண் சரிந்தது. கண்ணாடி பதிக்க வெட்டி நிரப்பிய மண்; தோண்ட எளிது. புதைக்க இந்தச் சோம்பேறி இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பான். ஒரு கையால் வாரினேன். சட்டை வந்தது. நான் மாற்றித் தைத்த பச்சைப் பொத்தான் வந்தது. நூல் மக்கிப்போயிருந்தது. பொத்தானின் நாலு ஓட்டைகளிலும் வெள்ளை வேர்.

"அண்ணி, ரத்தம் நிக்கல. துணியக் கட்டு அண்ணி."

வேரைப் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன்.

"அண்ணி."

அடுத்த வேரைக் கடித்தேன்.