மறுகால் தண்ணீருக்கு மேலே

பசுவந்தனைப் பக்கத்துக் கண்மாய் பல வருடங்களுக்குப் பிறகு நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. ஊரே திரண்டு பூவும் மஞ்சளும் தூவிக் கும்பிட, அதைப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ட்ரோன் ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் திருப்பதி கேமரா பிடிப்பார். ஆர்வம் வந்துவிட்டால் அந்த மனுஷனுக்குக் கண் மண் தெரியாது. தண்ணீர் வழிகிற கலிங்கில் வரிசையாக நட்டிருக்கும் கற்களைப் பிடித்துப் பிடித்து நடுவரைக்கும் போய்விட்டார். மழை வலுத்தது. முழங்காலுக்குக் கிடந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. கேமராவை வெள்ளம் பறித்துக்கொண்டது. அவர் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. கரிசல்காட்டில் எவனுக்குத் தெரியும்? குடிக்கவே லாரித் தண்ணீர். போய்விடுவார், என் கண் முன்னாலேயே போய்விடுவார் என்றே தோன்றியது.

அந்த ஊரில் வெள்ளாமை செய்கிற சம்சாரி அய்யாத்துரை அண்ணாச்சி டிராக்டரில் கிடந்த வடத்தை வீசிப் பார்த்தார். பாதிக்குக்கூடப் போகவில்லை. வடத்தின் நுனியில் வத்தல் மூட்டை தைக்கும் சணலை முடிந்து, சணலை ட்ரோனில் மாட்டி அனுப்பலாம், என் வீட்டுக்காரர் இழுத்தால் பின்னாலேயே வடம் போகும் என்று நான்தான் சொன்னேன்.

"சட்டுன்னு அனுப்பு தாயி," என்றார் அண்ணாச்சி.

ட்ரோனை வீட்டுக்காரர் தலைக்கு மேலே நிறுத்திக் கீழே இறக்கினேன். இறக்க இறக்க ட்ரோன் தண்ணீர் போகிற பக்கமே நகர்ந்தது. இழுத்தால் வரும், விரலைத் தளர்த்தினால் மறுபடி போகும். சணலை எட்டிப் பிடிக்கப் பார்த்தவர் கால் வழுக்கிக் கழுத்துவரை முங்கி எழுந்தார்.

அப்புறம்தான் உறைத்தது. ட்ரோனின் வயிற்றில் இரண்டு கண் உண்டு. தாழப் பறக்கும்போது தரையைப் பார்த்துத்தான் அது நிலையாக நிற்கும். ஓடுகிற தண்ணீரைத் தரை என்று நம்பி அதன் கூடவே போகிறது. தண்ணீரே இல்லாத ஊர்களில் கல்யாணம் எடுத்துத் திரிந்தவளுக்கு இது எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? திரும்ப வரவழைத்தேன். அந்தக் கண்களை அணைக்கலாமென்றால், மழையில் நனைந்த ரிமோட் திரை விரலுக்கு மசியவில்லை. குனிந்து காலடிக் கரிசலை வழித்தேன். பிசினாக ஒட்டுகிற மண். ட்ரோனின் இரண்டு கண்ணிலும் அப்பினேன். இனி அது செயற்கைக்கோளை மட்டும் நம்பி நிற்கும். கீழே தண்ணீர் இருப்பதே அதற்குத் தெரியாது.

இந்த முறை அசையாமல் நின்றது. அவர் சணலைக் கழற்றி இழுத்தார். வடம் போய்ச் சேர்ந்தது. அதை இடுப்பில் கட்ட இரண்டு கையும் வேண்டும். கல்லை விட்டார். திரையில் அவர் உதடு நடுங்குவது தெரிந்தது.

ஊர் மொத்தமும் பிடித்து இழுத்தது. கரையேறி வந்தவர், "என்னட்டி, நான் போயிருவேன்னு நெனச்சியா?" என்று சிரித்தார். இந்த நேரத்திலும் அந்த நக்கல் போகவில்லை. ஓங்கி ஓர் அறை கொடுத்திருப்பேன். ஆனால் கட்டைவிரல் இரண்டும் ரிமோட்டிலேயே விறைத்துக் கிடந்தன. ட்ரோன் இன்னும் அவர் நின்ற கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது. பேட்டரி தீர்ந்ததென்று ரிமோட் அலறியது.

"அதத் திருப்பிக் கொண்டு வாட்டி," என்றார்.

என்னால் விரலை அசைக்க முடியவில்லை. கண் மூடிய ட்ரோன் தானாகவே இறங்கியது, அவர் நின்ற அதே இடத்தில். தண்ணீரைத் தொட்டதும் கவிழ்ந்தது. இமைப்பதற்குள் கலிங்கைத் தாண்டி விழுந்து காணாமல் போனது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. சேற்றிலேயே உட்கார்ந்தார். அந்தக் கல்லைப் பிடித்த மாதிரியே என் கால் இரண்டையும் கட்டிக்கொண்டார். அண்ணாச்சி எவ்வளவு சொல்லியும் விடவில்லை.