சாரி சார்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவர் வேலை பார்த்தார். லிஃப்ட் பாதியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் போன் அவருடைய மேசைக்குத்தான் வரும். எடுத்ததுமே, "சாரி சார், ரொம்ப சாரி. ஆள் கிளம்பியாச்சு. கதவைத் தள்ளாதீங்க, அப்படியே உக்காருங்க," என்பார். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். வசையோடு தொடங்கியவர்கள்கூட, முடிவில் தங்கள் மகனுக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். ஆபீஸில் அவருக்கு சாரி சார் என்றே பெயராகிவிட்டது.

அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலாளர்களாகி, அவருடைய லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். பதவி உயர்வு கைநழுவும்போதெல்லாம் ஜெனரல் மேனேஜர், "உங்ககிட்ட எல்லாம் இருக்கு. அந்த ஒரு இது மட்டும் இல்லை," என்பார். அந்த இது எது என்று கேட்க இவருக்கு வாய் வந்ததில்லை.

மைத்துனனுக்கு அது தெரிந்திருந்தது. மனைவியின் தம்பியான அவன் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவன். விற்ற மெஷின்களைவிடப் போய்வந்த பயிற்சி வகுப்புகள் அதிகம்.

"மாமா, நீங்க ரொம்பக் குனியறீங்க. ஆம்பளைங்களுக்குன்னே ஒரு தொழில் முன்னேற்றப் பயிற்சி நடக்குது. ரெண்டே நாள். போனவன் எவனும் பழையபடி திரும்பி வரலை."

"எங்கடா போயிட்டாங்க?" என்று சமையலறையிலிருந்து அவன் அக்கா கேட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்துவதுபோலத்தான் பேசுவாள். வலி பிறகுதான் தெரியும்.

பயிற்சி ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் நடந்தது. சின்ன ஹால்தான், ஆனாலும் பயிற்சியாளர் கன்னத்தோரம் மைக் மாட்டியிருந்தார். முன்பு மெத்தை விற்றவர். ஜனங்கள் படுத்தே கிடப்பதைப் பார்த்து மனம் வெறுத்து, அவர்களை எழுப்ப வந்துவிட்டதாகச் சொன்னார். காலை அகட்டி உட்காருவது, பேசுவதற்கு முன் இடைவெளி விடுவது, தெரியாததை எல்லாம் "பரிசீலனையில இருக்கு" என்று சொல்வது ஆகியவை முதல் நாளே முடிந்துவிட்டன. மறுநாள் முழுக்க ஒரே பாடம்: மன்னிப்புக் கேட்காமலிருப்பது.

ஜோடி ஜோடியாக நிற்கவைத்தார்கள். எதிரே நிற்பவரின் காலை ஷூவோடு மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டு அவர் கண்ணையே பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இவருக்கு வாய்த்தவர் காலில் ஆணி உள்ள ஒரு வங்கி குமாஸ்தா. மிதித்ததும் இவர், "சாரி சார்," என்றார். பயிற்சியாளர் மறுபடி மிதிக்கச் சொன்னார். மறுபடியும் சாரி. இப்படியே போய்க்கொண்டிருந்ததில், கடைசியில் குமாஸ்தாவே கையெடுத்துக் கும்பிட்டார்.

"தயவுசெஞ்சு எதுவும் சொல்லாம மிதிங்க சார். எனக்கு இதுக்கு மேல தாங்காது."

சாயங்காலத்துக்குள் இவருக்குக் கை வந்துவிட்டது, அல்லது கால் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். குமாஸ்தா நொண்டிக்கொண்டே போய்ச் சான்றிதழ் வாங்கினார்.

முதல் பரிசோதனை வீட்டில் நடந்தது. குளியலறைக் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு, அவர் கண்ணாடி முன்னால் தோள்களை விரித்துப் பழகிக்கொண்டிருந்தார். தண்ணீர் கட்டில்வரை வந்துவிட்டது. மனைவி வந்து நின்றாள். அவர் காலை அகட்டி, இடைவெளி விட்டு, "இது நடந்திருக்கு," என்றார்.

"நடந்திருக்குன்னு தெரியுது. தொடைக்கிற துணி வாசல்ல காயுது. அது நடந்து வராது, நீங்கதான் எடுத்துட்டு வரணும்."

திங்கட்கிழமை ஒருவர் லிஃப்டிலிருந்து கூப்பிட்டுக் கத்தினார். இவர் பேசாமல் இருந்தார். "ஹலோ, இருக்கீங்களா?" என்று அந்த மனிதர் பயந்துபோய்க் கேட்டார். "உங்க நிலைமை எங்க கவனத்துக்கு வந்திருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் நின்றிருந்த ஜெனரல் மேனேஜர் முகத்தில், காணாமல் போன தம்பியைக் கண்டதுபோல ஒரு பாசம். இதே மெத்தைக்காரரிடம் போன வருடம் பயின்றவர் அவர்.

பதவி உயர்வுக்கான நேர்காணலில் ஜெனரல் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டார். இவர் இடைவெளி விட்டார். முதலில் வாய் திறப்பவன் தோற்றவன் என்பது இருவருக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்ததால், அவரும் இடைவெளி விட்டார். காபி கொண்டுவந்தவர் ஏதோ சாவுச் சேதி என்று நினைத்துக் கப்பை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார். காபி ஆறி ஆடை படிந்த பிறகு ஜெனரல் மேனேஜர் எழுந்து கைகுலுக்கினார். கேட்ட கேள்வி என்னவென்று பிறகு இருவருக்குமே நினைவில்லை.

மேலாளர் ஆனதும் தன் பழைய இருக்கைக்கு வந்த இளைஞனையும் மெக்கானிக்குகளையும் அதே பயிற்சிக்கு அனுப்பினார். புகார்ப் பிரிவு கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது.

ஒருநாள் கண் டாக்டரம்மா ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய ஆஸ்பத்திரி லிஃப்டில், ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு இருந்த நோயாளிகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இருட்டுல இருக்கோமா, லிஃப்ட் நின்னுடுச்சான்னே அவங்களுக்குத் தெரியலை," என்றார் டாக்டர். "போன் பண்ணா யாரும் பேசலை. மெக்கானிக் வந்தார், சரி பண்ணார், என்னை முறைச்சுட்டுப் போனார். எனக்கு நஷ்ட ஈடெல்லாம் வேண்டாம். யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போயிடறேன்."

அறையில் ஜெனரல் மேனேஜர், இவர், அந்த இளைஞன் மூன்று பேரும் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இவருக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஜெனரல் மேனேஜர் கடைக்கண்ணால் பார்த்தார். வந்தது உள்ளே போய்விட்டது.

"உங்க கருத்தை மதிக்கிறோம்," என்றார் இவர்.

டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒப்பந்தமும் அவரோடு எழுந்து போனது. அந்தத் தெருவில் இருந்த மற்ற ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொன்றாகப் பின்னாலேயே போயின.

முதலாளி சத்தம் போட்டதும், கனிவாகப் பேச ஒரு ஆள் தேவை என்று ஜெனரல் மேனேஜர் கண்டுபிடித்தார். அது பெண்களுக்கு இயல்பாகவே வரும் என்று சொல்லி, கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டார்.

"யார் பண்ண தப்புக்கு சார் நான் சாரி சொல்லணும்?"

"எல்லாரும் பண்ணதுக்கும்."

"அப்ப எல்லார் சம்பளத்துலேர்ந்தும் ஆளுக்குக் கொஞ்சம் எனக்குக் குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இவர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"கடையில விக்காத, வீட்ல எப்பவும் இருக்கற பொருளைத்தானே அந்த டாக்டரம்மா கேட்டாங்க. அது கூடவா உங்க கம்பெனில ஸ்டாக் இல்லை?"

மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். வேறு கம்பெனி ஆட்கள் லிஃப்டைக் கழற்றிக்கொண்டிருந்ததால் படியேறினார். மேல் மாடியில் மூச்சு வாங்க நின்று, பாதி திறந்திருந்த கதவில் டாக்டரின் பெயரை மூக்கு உரசப் படித்துவிட்டு உள்ளே போய், "சாரி டாக்டர். தப்பு எங்க மேலதான்," என்றார். பல மாதங்களாகப் பேசாத வார்த்தை என்பதால் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"சரி," என்றார் டாக்டர். "நான் இப்ப வேற கம்பெனியோட கையெழுத்துப் போட்டாச்சே. அதை மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம் டாக்டர். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

டாக்டர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "கதவுல என் பேரை அவ்வளவு கிட்டப் போய்ப் படிச்சீங்களே, கண்ணை எப்பவாவது காட்டியிருக்கீங்களா? வந்ததே வந்தீங்க, உக்காருங்க."

எதிர்ச் சுவரில் எழுத்துகள் வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போயின. மேல் வரிசைகளைக் கடகடவென்று படித்தவர், அடுத்ததில் தடுமாறினார்.

"இது... பரிசீலனையில..."

"ஊகிக்காதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியலை டாக்டர்."

"கீழ் வரிசை?"

"சுத்தமாத் தெரியலை."

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். "ஃபீஸை வெளிய கட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.