பாப்பா துணி என் பொறுப்பு

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்திருப்பதால் குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, கட்டில் ஓரத்தில் நின்ற பெயிண்டர் முந்திக்கொண்டான்.

"பாப்பா துணி என் பொறுப்பு."

படுத்திருந்த மனைவி கண்ணை மூடியபடியே சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு கைக்குட்டையைத் துவைத்து அவள் பார்த்ததில்லை.

கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பது அவன் வேலை. நசுங்கி வந்த கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பழைய நிறம் எங்கே முடிகிறது புது நிறம் எங்கே தொடங்குகிறது என்று உரிமையாளருக்கே தெரியாமல் செய்துவிடுவான். ஈரப் பெயிண்டில் ஒரு தூசு உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. துணி துவைக்கிற வேலையையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். சட்டைகளுக்கு ஒரு வாளி, பாப்பா நனைத்த துணிகளுக்கு ஒரு வாளி. கறை போயிற்றா என்று ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். சோப்புத்தூளை அள்ளி அள்ளிப் போடுவான்; நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது அவன் நம்பிக்கை. பால்கனிக் கொடியில் காயப்போட்டு, தெருத்தூசு படாமல் மேலே ஒரு மெல்லிய போர்வையையும் விரிப்பான். காய்ந்ததும் அளவு வாரியாக மடித்து அடுக்கிவிட்டு, அடுக்கைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பான். புதுப் பெயிண்ட் அடித்த காரைப் பார்க்கிற பார்வை அது.

இந்தப் பெருமை மனைவியின் அக்கா வந்து சேரும்வரை நீடித்தது.

பல் கிளினிக்கில் உதவியாளர் அவள். பல் பிடுங்கும் இடுக்கியையும் ஊசியையும் வேகவைத்து எடுப்பதிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது. தங்கைக்கு ஒத்தாசையாக லீவு போட்டு வந்தவள், ஒரு பையில் தன் துணிகளையும் இன்னொரு பையில் கிருமிநாசினி பாட்டில்களையும் கொண்டுவந்திருந்தாள். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினாள். கொஞ்சல் பாதியில் நின்றது. சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன தம்பி இது? துணியில பெட்ரோல் பங்க் வாசனை அடிக்குது!"

"பெட்ரோல் இல்ல அண்ணி, தின்னர். கையில ஒட்டின பெயிண்ட்டு அதுல துடைச்சாத்தான் போகும்."

"அந்தக் கையோடவா பாப்பா துணியத் தொடுறீங்க?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுறேன்."

"நகத்தக் காட்டுங்க." அவன் காட்டவில்லை. அவளே கையைப் பிடித்துத் திருப்பினாள். "அடேங்கப்பா, விரலுக்கு ஒரு கலர்!"

அன்று சாயங்காலமே அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறியது. இருந்த சட்டை, துண்டு, தொப்பி எல்லாம் உள்ளே போயின. கிருமிநாசினி மூடி மூடியாக விழுந்தது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை. கம்பளி நூலில் பின்னிய குட்டித் தொப்பி வெளியே வந்தபோது, எலுமிச்சம்பழத்துக்குப் போடலாம் போலச் சுருங்கியிருந்தது.

"கிருமி ஒண்ணுகூட இருக்காது," என்றாள் அக்கா, தொப்பியைப் பிழிந்தபடி.

"தலையும்தான் இருக்காது," என்றான் பெயிண்டர்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. தையல் வலித்ததால் அடக்கிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது, காலையில் அவன் மடித்து அடுக்கிவிட்டுப் போன அத்தனை துணியும் கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி துவைத்திருக்கிறாள். தான் செய்த வேலையைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறொருவன் பெயிண்ட் அடித்ததுபோல இருந்தது அவனுக்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"நான் துவைச்சது துவைச்சதா இல்லையா அண்ணி?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஆம்பளக் கை, அலசறதுல அவ்வளவு பொறுமை இருக்காது."

"ஒரு கதவத் தேய்க்கவே அரை நாள் உட்கார்றவன் நான். எனக்கா பொறுமை இல்ல?"

"கதவுக்குத் தோல் கிடையாது. பாப்பாவுக்கு இருக்கு."

அவன் குளியலறைக்குள் போய் வாளியை உருட்டினான். அவள் சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள். அதற்குப் பிறகு யார் முதலில் எழுந்து துணிக்கூடையைக் கைப்பற்றுவது என்பதே வீட்டில் போட்டியானது. அவன் துவைத்ததை அவள் வேகவைத்தாள். அவள் வேகவைத்ததில் மருந்து வாடை அடிக்கிறது என்று அவன் மறுபடி சோப்புத்தூளில் ஊறவைத்தான். வீட்டிலேயே அதிகம் களைத்துப்போனவை அந்தக் குட்டிச் சட்டைகள்தான்.

பிறகு பாப்பாவின் முதுகு சிவந்தது. கழுத்து மடிப்பில் சின்னச் சின்னத் தடிப்பு. விட்டு விட்டு அழுதாள்.

"தின்னரு!" என்றாள் அக்கா.

"உங்க மருந்து!" என்றான் அவன்.

"என் கிளினிக்குக்கு வர்றவங்க வாய்க்குள்ளயே நாங்க இந்த மருந்தத்தான்..."

"பாப்பாவுக்கு இன்னும் பல்லே வரல அண்ணி!"

"நிறுத்துங்க."

மனைவி குரலை உயர்த்தவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு முன்னால் வண்டியை விடப்போகிற மாணவர்களை ஒரே சொல்லில் நிறுத்துகிறவள் அவள். இருவரும் பிரேக் போட்டதுபோல நின்றார்கள்.

"நீங்க துவைச்ச சட்டையக் கொடுங்க. அக்கா, நீ வேகவச்சதையும் கொடு."

இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா சொன்னது நிஜம். இதுல பெயிண்ட் வாசனை இருக்கு. கூடவே சோப்பும் சரியாப் போகல, விரல்ல வழுக்குது. அவரு சொன்னதும் நிஜம்க்கா. உன் துணி மூக்குல ஏறுது. நானே பெரியவ, எனக்கே எரியுது. நீங்க ரெண்டு பேரும் பாப்பாவுக்காகச் சண்ட போடல. யாரு சுத்தம்னு சண்ட போடுறீங்க."

அவனுக்குக் காது சுட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் குழந்தை மருத்துவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, வாசனை சோப்பு வேண்டாம், கிருமிநாசினி வேண்டாம், கொஞ்சமாக மென்மையான சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் அலசுங்கள், வெயிலில் போடுங்கள் என்றார். "யாரு வீட்டுல துவைக்கிறது?" என்று கேட்டார். அக்கா பெயிண்டரைப் பார்த்தாள். பிறகு பெயிண்டர் சொன்னான்: "நான்தான் டாக்டர். இனிமே ஒழுங்காத் துவைக்கிறேன்."

சொன்னதைச் செய்வதற்கு வீட்டில் அல்ல, பட்டறையில் தொடங்க வேண்டியிருந்தது. வேலை உடுப்பை அங்கேயே கழற்றி மாட்டினான். பட்டறைக்குப் பின்னால் கார் கழுவுகிற குழாயடியில் நின்று, தலையில் தண்ணீர் ஊற்றி, நகக்கண் ஒவ்வொன்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் குளித்தான். சக ஆட்கள் சும்மா விடுவார்களா?

"என்ன பெயிண்டரே, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று வெல்டர் கத்தினான்.

"ஆமா. என் பொண்ணத்தான்," என்றான் இவன், தலையைத் துவட்டியபடி. "அவ துணியத் தொடணும். இப்படியே போனா உள்ள விடமாட்டாங்க."

சிரித்தார்கள். அவனுக்கு அது உறைக்கவில்லை. சுத்தமான சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறை வாசலைத் தாண்டியபோது, பரிசு வாங்கப் போகிறவனைப் போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அக்காவும் பாட்டில்களை எடுத்துத் தன் பைக்குள் வைத்துவிட்டாள். ஆனால் கண்காணிப்பை விடவில்லை. அவன் அலசும்போது குளியலறை வாசலில் வந்து நிற்பாள். "இன்னொரு தண்ணி" என்பாள். அவன் முறைப்பான், ஆனாலும் இன்னொரு தண்ணீர் ஊற்றுவான். சில நாளில் அவன் அலசின நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு அவள் முன்னால் நீட்டத் தொடங்கினான். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்பாள். அந்த "ம்" வாங்குவதற்குள் கை வலித்துவிடும். பாப்பாவின் முதுகு மெல்ல வெளுத்து, பழைய மினுமினுப்புக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவன் அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். மரச்சாமான் கடை வைத்திருப்பவர். எங்கே போனாலும் தன் கடையில் நிற்பதுபோலவே நிற்பார். அவர் படியேறி வந்தபோது பெயிண்டர் பால்கனியில் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா கோலம் இது?" என்றார் அண்ணன். "தெருவே பார்க்குது. வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க, நீ போய் மூத்திரத் துணியக் காயப்போட்டுட்டு நிக்கிற. மானம் போகுதுடா."

பெயிண்டர் கிளிப்பை வாயிலிருந்து எடுப்பதற்குள், சமையலறையிலிருந்து மனைவியின் அக்கா வந்துவிட்டாள்.

"யாரு மானம் போகுது? அந்தத் துணியத் தொட்டுப் பாருங்க. இல்ல இல்ல, தொடாதீங்க. தூரத்துலயே நின்னு பாருங்க. அதுல ஒரு கறை காட்டுங்க பார்க்கலாம்."

"அதுக்கில்லமா, ஆம்பள..."

"ஆம்பளதான். நான் பார்க்காத சுத்தமா? தினமும் கத்தியும் ஊசியுமா வேகவைக்கிறவ நான். இந்த வீட்டுல நான் துவைச்சது செல்லாது. இவரு துவைச்சாத்தான் பாப்பாவுக்கு ஒத்துக்குது. எங்க மாப்பிள்ளைக்கு இருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. சத்தியமா நானே சொல்றேன்."

பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டான். ஒரு காருக்கும் இப்படி ஒரு பாராட்டு அவன் வாங்கியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல், ஏற்கெனவே நேராக இருந்த துண்டை இன்னும் நேராக்கினான். உள்ளே கட்டிலில் அவன் மனைவி பாப்பாவின் காதில், "கேட்டியாடி? உங்க அப்பாவத்தான் சொல்றாங்க," என்றாள். அவள் குரலில் இருந்த பெருமை பால்கனிவரை கேட்டது.

அண்ணன் பேச்சை மாற்றக் குழந்தையை நோக்கிக் கையை நீட்டினார்.

"கை கழுவிட்டு," என்றாள் அக்கா.

கழுவிவிட்டு வந்தார். மரத்தூள் இன்னும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். மறுபடி கழுவிவிட்டு வந்தவரின் கையில் ஒருவழியாகப் பாப்பா வந்தாள். அவர் முகம் இளகியது. என்னென்னவோ சத்தம் எழுப்பிக் கொஞ்சினார். பாப்பா அவரை உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவருடைய வெள்ளைச் சட்டையை நிதானமாக, முழுசாக நனைத்தாள்.

"அடடா! டேய், இத என்னடா பண்றது?"

"கழட்டிக் குடுங்க," என்றாள் அக்கா. "உங்க தம்பி..."

"அதெல்லாம் முடியாது அண்ணி," என்றான் பெயிண்டர். துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவை அண்ணனுக்காக விரியத் திறந்துவிட்டான். "பாப்பா துணி மட்டும்தான் என் பொறுப்பு. வாங்கண்ணே. இடது பக்கத்து வாளி உங்களுக்கு. சோப்பு கொஞ்சமாப் போடுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."