ஓரினின் முகத்தில் ஓடிய ஆறு

அம்மோன், கிரீன் என்கிற மலையாற்றில் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் படகு ஓட்டியிருக்கிறான். ஆனால் முன்னால் ஆறு எப்படி இருக்கும் என்று கேட்டால், பாவம், அவனுக்குத் தெரியாது. துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். ஏரியிலும் அப்படித்தான், கடலிலும் அப்படித்தான், இந்தப் பாழாய்ப்போன பள்ளத்தாக்கிலும் அப்படித்தான் என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள், அதை ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை. பின்பக்கம் நின்று சுக்கான் துடுப்பைப் பிடிக்கிற மச்சான் ஓரின்தான் முன்னால் பார்ப்பான், பார்த்துக் கத்துவான். அம்மோன் பார்த்ததெல்லாம் ஓரினின் முகத்தை மட்டும்தான்.

அந்த முகத்தை அவன் தன் பெண்டாட்டி தர்ஸாவின் முகத்தைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தான். புருவம் சுருங்கினால் பாறை. உதட்டைக் கடித்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. பல் தெரியச் சிரித்தால் கவலையே இல்லை. ஓரின் சிரிக்கிற இடத்தில் படகு என்ன ஆட்டம் ஆடினாலும் அம்மோன் பயந்ததில்லை. சிரிக்கிறவனைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பயப்படுவது?

இந்த முறை அவனுக்கு அலுத்துவிட்டது. தோலுக்காகப் பீவர் என்கிற ஆற்று விலங்கைப் பிடிக்க நவம்பரில் மேலே போனவர்கள், இப்போது ஏப்ரல் முடிகிறது. பனியில் வெடித்த விரல்கள் காலையில் மடங்க மாட்டேன் என்கின்றன. மாவும் பன்றிக்கொழுப்பும் தின்று நாக்கு செத்துவிட்டது. படகு நிறையத் தோல் மூட்டை. அதன் வாடை இரண்டு பேர் மேலும் ஏறி, நாய்கூடக் கிட்டே வராது. வெர்னல் ஊரில் இருக்கிற வீடு, எரிகிற அடுப்பு, காய்ந்த போர்வை ஒன்று. அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அதற்கும் அவனுக்கும் நடுவில், பாறைகளில் மோதி நுரைத்து இறங்குகிற ஒரே ஒரு வெள்ளைத் தண்ணீர்தான் பாக்கி. அதன் பெயர் பிஷப்பின் தாடி. பாறை இடுக்கில் நுரை கொட்டுவது ஊர் பிஷப்பின் தாடி மாதிரியே இருக்கிறதென்று ஓரின் வைத்த பெயர்.

அங்கே யாரும் படகில் உட்கார்ந்து போவதில்லை. மூட்டைகளை இறக்கிக் கரையோடு சுமந்து, வெறும் படகைக் கயிற்றில் பிடித்து மெல்ல மெல்லக் கீழே விடுவார்கள். முதுகெலும்பு கழன்றுபோகிற வேலை. இந்த வருஷம் அந்த வேலைக்கும் வழியில்லை. பனி சீக்கிரம் உருகி, ஆறு ஏறி, கரையை விழுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். வந்த வழியே ஏறிப் போக மனிதனால் ஆகாது. படகில் இறங்கியே தீர வேண்டும்.

தாடிக்குச் சற்று மேலே, பாறை வெடிப்பில் முளைத்திருந்த ஒரு மரத்தில் படகின் முன்முனைக் கயிற்றைக் கட்டினார்கள். கால் வைக்கக் கரை இல்லாததால் படகிலேயே உட்கார்ந்தார்கள்.

"காப்பி இருக்கா?" என்றான் ஓரின்.

"ஆறிப்போனது இருக்கு. சபையில காப்பி ஆகாதுங்கறாங்களே, தவறாமப் போற பெரிய மனுஷன் நீ கேக்கலாமா?"

"ஆறிப்போனா அது காப்பி இல்ல மாப்ளே, கறுப்புத் தண்ணி. பிஷப் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அம்மோன் கோப்பையை நீட்டினான். ஓரினின் கை கோப்பைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. பிறகு தடவித் தடவி வந்து வாங்கிக்கொண்டது. குளிரில் மரத்துப்போன கை என்று அம்மோன் நினைத்தான். அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு சாம்பல் கொக்கு தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்தது. அம்மோனின் காதை உரசிக்கொண்டு, ஓரினின் மூக்குக்கு நேராகப் போய், கடைசி நேரத்தில் ஒதுங்கியது. தாடியின் இரைச்சலில் சிறகுச் சத்தம் கேட்கவில்லை. அம்மோன் சட்டென்று தலையைத் தாழ்த்தினான். ஓரின் இமைக்கவில்லை. காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

காலையில் குழந்தைகூட ஒதுங்கிப் போகிற ஒரு பாறையில் மோதியிருந்தார்கள். 'உன் துடுப்பு தூங்குது' என்று ஓரின் திட்ட, அம்மோனும் தன் களைப்புத்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டிருந்தான். இப்போது அந்தப் பாறை நினைவுக்கு வந்தது.

"மச்சான், இது எத்தனை விரல்?"

"என்ன விளையாட்டு இது, இந்த நேரத்துல?"

"சொல்லேன்."

"மூணு."

அம்மோன் கையைத் தூக்கவே இல்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்றான் அம்மோன்.

ஓரின் கோப்பையைக் கீழே வைத்தான். "கிறிஸ்மஸ் சமயத்துலேர்ந்து. பனி வெளிச்சம் அடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு இருந்தேன். பூ விழுந்திருக்கு மாப்ளே. நிழல்ல உருவம் தெரியும். வெயில் வந்தா பாலை ஊத்தின மாதிரி."

"அப்ப இவ்வளவு தூரம் எப்படி வந்தோம்?"

"காது இருக்குல்ல. ஞாபகம் இருக்குல்ல."

"அடப்பாவி! என்னைக் கொன்னிருப்பியே!"

"கொல்லலியே."

பிடித்து ஆற்றில் தள்ளிவிடலாமா என்று வந்தது அம்மோனுக்கு. எழுந்து சட்டையைப் பிடித்தும்விட்டான். பிடித்த பிறகுதான் அந்த வாசனை வந்தது. ஒலிவ எண்ணெய். ஓரினின் இமை மயிரெல்லாம் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தது. சபையில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். நோயாளியின் உச்சியில் ஒரு சொட்டு வைத்து, இன்னொருவன் தன் கையை வைத்து ஜெபிக்க வேண்டும். தனக்குத் தானே யாரும் வைத்துக்கொள்வதில்லை. இந்த மனுஷன் மருந்து மாதிரிக் கண்ணுக்குள்ளேயே விட்டிருக்கிறான். இருந்த பார்வையும் கலங்கியதுதான் மிச்சம்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா கண்ணு விஷயத்தைச் சொல்லணும். சொன்னா என்னைச் சுக்கான்ல நிக்க விடுவியா? சுக்கான் இல்லாட்டி நான் யாரு? தர்ஸா வீட்டு அடுப்படியில கஞ்சிக்குக் காத்துக் கிடக்கற குருட்டு அண்ணன்."

அம்மோன் சட்டையை விட்டுவிட்டுத் தன் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தான். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. சும்மா உட்கார்ந்து, ஓரினின் தோளுக்கு மேலே வெறித்தான். அங்கே தாடி தெரிந்தது. முழுசாகத் தெரிந்தது. இடப்பக்கம் ஒரு பெரிய பாறை, அதன் பின்னால் தண்ணீர் சுருண்டு விழுகிற பள்ளம், வலப்பக்கம் நுரையில்லாமல் வழுக்கி ஓடுகிற தண்ணீர், ஒரு நீளமான பச்சை நாக்கு. முனையைக் கட்டிப் போட்டதால் ஓட்டம் படகைத் திருப்பி, பின்பக்கத்தை ஆற்றின் கீழ்த்திசைக்குக் காட்டி நிறுத்தியிருந்தது. அவன் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான், ஓரினும் வழக்கமான இடத்தில்தான். படகுதான் திரும்பியிருந்தது.

"மச்சான், சுக்கானை உள்ளே எடு."

"எதுக்கு?"

"படகு இப்படியே போகட்டும், பின்பக்கம் முன்னால. நான் ஆத்தைப் பாத்துக்கிட்டே துடுப்புப் போடறேன்."

"பைத்தியமா உனக்கு? நீ இழுத்தா அது மேல்பக்கமில்ல போகும்?"

"இந்த ஓட்டத்துல எங்க போகும்? மெதுவாகும், அவ்வளவுதான்."

"தண்ணியைவிட வேகமாப் போகலேன்னா சுக்கான் சொன்னபடி கேக்காது."

"சுக்கானே வேண்டாங்கறேன்."

ஓரினின் கை சுக்கானைத் தடவியது. "அப்ப நான் எதுக்கு? மூட்டையா?"

"மூட்டை வாயை மூடிக்கிட்டு இருக்கும். உனக்கு அந்தப் புத்தி கிடையாது."

ஓரின் சுக்கான் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டான். பெற்ற பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தினான். அம்மோனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மாப்ளே, ஒரு தடவை கை வைக்கறியா?"

"நான் சபைக்குப் போய் மூணு வருஷமாச்சு. எண்ணெயும் தீந்துபோச்சு."

"பாட்டில்ல ஒட்டிக்கிட்டிருக்கும். வை."

அம்மோன் பாட்டிலுக்குள் சுண்டுவிரலை விட்டு வழித்து, அவன் உச்சியில் தடவி, இரண்டு கையையும் வைத்தான். சபை வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, கண்ணு அப்புறம் பாத்துக்கலாம். எங்களை வீட்டுல கொண்டுபோய்ச் சேத்துடுங்க. ஆமென்." பிறகு கயிற்றை அறுத்துவிட்டு வந்து துடுப்பைப் பிடித்தான்.

முதல் தடவையாக ஆறு அவனை நோக்கி வந்தது. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இருந்தது இதுவா? கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மூடாமல் இழுத்தான். படகு முரண்டு பிடிக்கிற மாடு மாதிரிப் பின்னுக்கு வலித்து, வேகம் குறைந்தது. பார்க்க நேரம் கிடைத்தது. முனையைக் கொஞ்சம் திருப்பி இழுத்தான். படகு பச்சை நாக்குப் பக்கம் ஒதுங்கியது. ஆனால் நாக்கு முடிகிற இடத்தில், மேலேயிருந்து தெரியாத இன்னொரு பள்ளம், வீட்டு அறை அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

ஓரின் அதற்கு முதுகைக் காட்டி, அம்மோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பார்வை இல்லாத பார்வை. "மாப்ளே," என்று கத்தினான். "உன் மூஞ்சி எப்படி இருக்கு?"

அம்மோன் இழுப்பதை விடவில்லை. கன்னத்தில் வழிந்தது ஆற்றுத் தண்ணீர் மட்டும் இல்லை.

"சிரிச்சுக்கிட்டிருக்கேன் மச்சான்!"

"பல்லு தெரியவா?"

"பல்லு தெரிய!"

ஓரினின் முகம் வெளுத்துப்போனது. இரண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ஐயோ ஆண்டவரே," என்றான். "அவ்வளவு மோசமா?"

அம்மோன் இழுத்தான். தோள் பிய்ந்துபோகிற மாதிரி இழுத்தான். படகு பள்ளத்தின் உதட்டில் ஒரு கணம் நின்று, நகர்ந்து, ஓரமாகச் சரிந்து விழுந்தது. தண்ணீர் இரண்டு பேரையும் மூடித் திறந்தது.

கீழே அமைதியான நீரில், பாதி நிரம்பிய படகில், அம்மோனால் துடுப்பிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியவில்லை. எதிரே நனைந்த கோழி போல உட்கார்ந்திருந்தான் ஓரின்.

"நீ சிரிச்சதெல்லாம் அப்படித்தானா மச்சான்? இத்தனை வருஷமும்?"

"வேற என்ன செய்யறது? நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தே."

அம்மோன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, காப்பிக் கோப்பையைத் தேடி எடுத்து, தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். சற்று நேரம் கழித்து ஓரினும் தன் தொப்பியைக் கழற்றி, தடவித் தடவி இறைத்தான்.