மூன்று பேர் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் ஒரு நர்ஸ். "உங்களுக்குப் பிடிச்ச வேலை ஏதாவது ஒண்ணு, தினமும் பத்து நிமிஷம் செய்யுங்க. மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க. வேலையை ஆரம்பிச்சா மனசு பின்னாடியே வரும்" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை மர்மக்கதை எழுதுவது. வாழ்நாள் முழுக்க ஆட்களைக் கொன்று, கொன்றவனைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்துவைத்துப் பிழைத்தவள் நான். ஆகவே இதிலும் ஒரு குற்றவாளி உண்டு. அது நான்தான். முதல் பகுதியிலேயே போட்டு உடைத்துவிட்டேன், என்ன செய்வீர்கள்?

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், முதியவள் ஒருத்தி ஜன்னலோரம் அமர்ந்து, வராத யாருக்காகவோ—

(சகிக்கவில்லை. வயதானவளை எழுத உட்கார்ந்தாலே ஏன் ஜன்னலைத் தேடுகிறோம்? நான் ஜன்னலோரம் உட்காரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.)

இரண்டாவது முயற்சி:

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், சில மாதங்களாக—

(இது நழுவல். என் பாரத்தைப் பாவம் ஒரு மெக்கானிக் தலையில் கட்டப் பார்க்கிறேன். அவர் வீட்டுக்குப் போகட்டும்.)

மூன்றாவது முயற்சி:

எனக்கு எழுபத்து நான்கு வயது. தனியாக இருக்கிறேன். குளிக்கப் பிடிக்கவில்லை. சாப்பாடு மண் மாதிரி இருந்தது. தம்பி வந்து பார்த்தான். "வயசானா அப்படித்தான்க்கா. எனக்கு மட்டும் முட்டி வலிக்கலையா?" என்றான்.

இதை அடிக்காமல் விடுகிறேன். என் தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் நான் எழுதிய எந்தக் கொலைகாரனும் இவ்வளவு பாசமான குரலில் ஆளைத் தீர்த்துக்கட்டியதில்லை.

3

சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் சும்மா கேட்பது போலக் கேட்டார். "கடைசியா எப்பம்மா சந்தோஷமா இருந்தீங்க?" அவர் மேஜை மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். "இது வயசு இல்லம்மா, மனச்சோர்வு. வியாதி. இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார்.

மாத்திரை எழுதிக்கொடுத்து, அதே கிளினிக்கில் இருந்த நர்ஸிடம் என்னை ஒப்படைத்தார். வாரம் ஒருமுறை அவள் எனக்கு போன் செய்வாள். பிறகு அவளும் டாக்டரும் வெளியூரில் இருக்கும் ஒரு மனநல மருத்துவரும் போனில் கூடி, என்னைப் பற்றிப் பேசி, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள்.*

* அந்த மனநல மருத்துவரை நான் பார்த்ததே இல்லை. இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்ட என் பதிப்பாளர், "பார்க்காத ஆளுக்குக் கதையில என்ன வேலை? மூணு பேரையும் ஒருத்தரா ஆக்கிடுங்க. வாசகனுக்கு ஒரு ஹீரோ போதும்" என்கிறார். முடியாது.

4

நான் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொய் சொல்ல ஆரம்பித்தேன். என்னை விட்டுவிடுங்கள், யார் தொந்தரவும் இல்லாமல் போய்ச்சேர்கிறேன் என்று சொன்னால் விடுவார்களா? நன்றாக இருக்கிறேன் என்றால் விட்டுவிடுவார்கள்.

"தூக்கம் எப்படிம்மா?"

"போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை."

அடுத்த வாரம் இன்னும் நல்ல தூக்கம். அதற்கடுத்த வாரம் பூங்காவில் நடை, அங்கே ஒரு தோழி. தோழிக்கு இடது காது கேட்காது என்றுகூட வைத்தேன். விவரம் இருந்தால்தான் பொய் நிற்கும். தொழில் அப்படி.

ஒரு நாள் போனுக்குப் பதிலாக நர்ஸே வாசலில் நின்றாள்.

"நாங்க மூணு பேரும் பேசினோம்மா" என்றாள். சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனபோது என் எடை குறைந்திருந்தது டாக்டருக்குத் தெரியும். நர்ஸுக்கு வேறொன்று தெரியும். "ஆரம்பத்துல போன் எடுத்தாலே திட்டுவீங்க. இப்பல்லாம் 'நல்லா இரும்மா'ங்கறீங்க. எனக்கு அது சரியாப் படலை." இரண்டையும் கேட்டுவிட்டு அந்த மூன்றாவது ஆள் சொன்னாராம்: "குணமாகிறவங்க ஒரு நாள் ஏறுவாங்க, ஒரு நாள் இறங்குவாங்க. இவங்க ஏறிக்கிட்டே போறாங்க, எடை மட்டும் இறங்குது. யாராவது நேர்ல போய்ப் பாருங்க."

என் துப்பறிவாளர்கள் எல்லோரும் தனியாட்கள், மேதைகள். அவர்களில் ஒருவன் வந்திருந்தால் காபி கொடுத்து அனுப்பியிருப்பேன். இவர்களிடம் ஆளுக்கு ஒரு துண்டுதான் இருந்தது. அதைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள், நான் மாட்டிக்கொண்டேன். பதிப்பாளரே, அதனால்தான் மூன்று பேர். ஒருத்தரையும் வெட்ட விடமாட்டேன்.

5

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?"

(இங்கே அறையை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

அத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் இதை நேராகக் கேட்டதில்லை. "தோணுது" என்றேன். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

அவள் பதறவில்லை. "சொன்னீங்களே, அது போதும். இன்னிக்கு நீங்க தனியா இருக்க வேண்டாம்" என்று அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வெளியூர்க்காரரைக் கூப்பிட்டார். மாலைக்குள் டாக்டரே வந்து பார்த்து மாத்திரையை மாற்றினார். நர்ஸ் போன் செய்ததும் தம்பி பெட்டியோடு வந்து ஹாலில் பாயைப் போட்டான்.

"நான் என்னமோ வயசுன்னு நெனச்சு..." என்று இழுத்தான்.

"வாயை மூடுடா" என்றேன்.

6

முடிவு, ஒன்று: அவள் பூரண குணமடைந்து, புன்னகையோடு பூங்காவில்— (மாத்திரை விளம்பரம்.)

முடிவு, இரண்டு: ஒரு காலை, கட்டில் காலியாக— (கிழவி செத்தால் கதைக்குக் கனம் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானே அப்படிப் பலரைக் கொன்றிருக்கிறேன்.)

நடந்தது இவ்வளவுதான்: புது மாத்திரை அரைகுறையாகத்தான் கேட்டது. அளவைக் கூட்டினார்கள். நேற்று குளித்தேன், இன்று குளிக்கவில்லை. இறங்கும் நாளில் இறங்கியதாகவே போனில் சொல்கிறேன். அவர்கள் மூவரும் மறுபடி கூடிப் பேசுகிறார்கள், சலிப்பே இல்லாமல்.

"முடிவு எங்கே?" என்கிறார் பதிப்பாளர். எழுபத்து நான்கு வயதுக்காரியிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான். தம்பி எதிர்பார்த்தான். நானே எதிர்பார்த்தேன். தரமாட்டேன். உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் என்னைச் சாகடித்தால் உங்கள் வீட்டு வாசலுக்கே சண்டைக்கு வருவேன். வருவதற்கு நான் இருப்பேன்.